எழுபத்திரண்டு மடங்கு தூரம்

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானியர் குண்டு வீசிச் சென்ற நாளின் இரவு. எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட அமெரிக்க வைல்ட்கேட் விமானங்கள் தரையிறங்க வந்தன. காலையில் பட்ட அடியில் நடுங்கிப்போயிருந்த அமெரிக்கப் பீரங்கிக்காரர்கள் அவற்றை எதிரி விமானங்கள் என்று நினைத்துச் சுட்டார்கள். சொந்த விமானிகளே செத்தார்கள். விமானத்தின் உருவத்தைப் பார்த்து இது நம்முடையதா, அவர்களுடையதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் அன்று மிகக் குறைவு.

அடுத்த மாதமே அமெரிக்கக் கடற்படை ஒரு விசித்திரமான வேண்டுகோளோடு பள்ளிக்கூடங்களை நாடியது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம் வீதம் மொத்தம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் வேண்டும். வரைபடமும், சரிபார்க்க வெட்டு அட்டைகளும் அனுப்பப்பட்டன. பிள்ளைகள் மென்மரத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அட்டையோடு பொருத்திப் பார்த்து, கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப அவர்களுக்குக் கௌரவப் பதவிச் சான்றிதழ் கிடைத்தது. அந்த மாதிரிகளில் ஜன்னல் கிடையாது, சக்கரம் கிடையாது, நட்சத்திரச் சின்னமும் கிடையாது. வெறும் கறுப்பு உருவம்.

அளவு 72-இல் ஒன்று. கணக்கு எளிது. பயிற்சி அறையின் மறுகோடியில், 35 அடி தள்ளி அந்த மாதிரியைத் தொங்கவிட்டால், 2,520 அடிக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவே தெரியும். அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. பீரங்கிக்காரன் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ அதுதான்.

மாதிரி விமானம் கட்டும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைச் சிறிதாக்கும் கலை என்றே சொல்வார்கள். பெரியதைச் சிறியதாக்குவது, உள்ளங்கையில் உலகைக் கொண்டுவருவது, இத்யாதி. அந்தக் கடற்படைத் திட்டம் வேறொரு விளக்கத்தைக் கையில் தருகிறது. 72-இல் ஒன்று என்பது ஒரு தூரம். எட்டத்தில் இருக்கும் ஒன்றை, எட்டத்தில் இருப்பதுபோலவே பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் உபாயம். இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் இந்தப் பொழுதுபோக்கின் பல புதிர்கள் அவிழ்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில், அந்த எண்ணே எங்கிருந்து வந்தது? எந்தத் தத்துவத்திலிருந்தும் வரவில்லை. ஆறடி மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 72-இல் ஒன்று வரும், அவ்வளவுதான். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகள் (வாங்குபவரே பூட்டிச் சேர்க்கும் உதிரித் தொகுப்புகள்) இந்த அளவில் வந்தன. 1936-இல் ஃப்ராக் நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளை இறக்கியது. அந்த நிறுவனத்தின் பெயர், அதன் பறக்கும் பொம்மைகள் தரையிலிருந்து நேரே எழும்பும் என்ற ஆங்கில விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது. புதிய பிளாஸ்டிக் மாடல்களோ பறக்காதவை. ஆகவே அந்த வரிசைக்குப் பெங்குயின் என்று பெயர் வைத்தார்கள், சிறகிருந்தும் பறக்காத பறவை! அவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அந்தப் பொருள் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். போருக்காகச் சிகாகோவின் க்ரூவர் நிறுவனம் பின்னர் அச்சில் வார்த்துத் தந்த பயிற்சி மாதிரிகளும் அதே பொருளில் ஆனவைதாம். இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் அவற்றில் பலவற்றின் இறக்கைகள் வெயிலில் காய்ந்த வாழை மட்டைபோல வளைந்து கிடக்கின்றன.

போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. ஏர்ஃபிக்ஸ் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஹங்கேரியிலிருந்து பிரிட்டனுக்குப் போன நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். போர் முடிந்ததும் தலைவாரும் சீப்புகள். சீப்பு வார்க்க வாங்கிய இயந்திரத்தில் வேறென்ன செய்யலாம் என்ற கேள்விக்கு 1949-இல் ஒரு விடை கிடைத்தது. ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் காட்ட ஒரு சிறிய டிராக்டர் மாதிரி கேட்டார்கள். அதைப் பூட்டி முடிப்பது தொழிற்சாலைக்குத் தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லையை வாங்குபவன் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன? உதிரியாகவே விற்றார்கள். வாங்கினவர்கள் சந்தோஷமாகப் பூட்டினார்கள். ஏர்ஃபிக்ஸின் கிட் தொழில் இப்படிச் சோம்பலில் பிறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

1952-இல் பிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பல். வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டி போட்டால் விலை கட்டாது. ஆகவே பிளாஸ்டிக் பை, மேலே மடித்துக் குத்திய ஒரு காகிதம். அடுத்த ஆண்டு ஸ்பிட்ஃபயர், 72-இல் ஒன்று. இந்த முதல் ஸ்பிட்ஃபயரில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 48-இல் ஒன்று அளவில் போட்டிருந்த கிட்டைப் பார்த்து, அதைச் சுருக்கித்தான் ஏர்ஃபிக்ஸ் வார்த்தது. அரோராவின் பிழைகளும் கூடவே சுருங்கி வந்து சேர்ந்தன. மாதிரியின் மாதிரி. ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிறுவர்கள் தங்கள் நாட்டைக் காத்த விமானம் இப்படித்தான் இருந்தது என்று நம்பி ஒட்டியது, அட்லாண்டிக்குக்கு அப்பால் யாரோ தப்பாக வரைந்த ஓர் உருவத்தை.

ஸ்பிட்ஃபயரை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்கையின் நீளம் 11.23 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 15.6 சென்டிமீட்டர். இதில் சிக்கலில்லை. எடை? பறக்கத் தயாரான முதல் ரக ஸ்பிட்ஃபயர் சுமார் 2,700 கிலோ. நீள, அகல, உயரம் மூன்றும் 72 மடங்கு குறைவதால் எடை 3,73,248 மடங்கு குறைய வேண்டும். விடை ஏழு கிராம் சொச்சம். பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் எதுவும் அவ்வளவு லேசாக இருப்பதில்லை. இத்தனைக்கும் உள்ளே எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, குண்டு இல்லை, ஆளில்லை. காரணம் தோல். உண்மை விமானத்தின் அலுமினியத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். அதைச் சுருக்கினால் 0.014 மில்லிமீட்டர், சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாள் அளவுக்கு மெல்லிசு. பிளாஸ்டிக் கிட்டின் சுவரோ ஒரு மில்லிமீட்டர் வரை போகும். அதைத் திருப்பிப் பெரிதாக்கினால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல், அதாவது நாலு விரற்கடை கனமுள்ள கோட்டைச் சுவர். அப்படி ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பாது.

இதற்கு வார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. உருகிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். மிக மெல்லிய இடுக்கில் அது முழுவதும் பாயும் முன்பே ஆறி உறைந்துவிடும். மிகத் தடித்த இடத்திலோ உள்பக்கம் மெதுவாக ஆறிச் சுருங்குவதால் மேலே குழி விழும். அச்சு இரண்டாகப் பிரிந்து பொருளை விட வேண்டும். அதனால் சுவர்கள் துளி சாய்ந்திருக்க வேண்டும், உட்குடைவு கூடாது. ஊசிகள் தள்ளி வெளியேற்றிய இடத்தில் வட்டத் தழும்பு. பிளாஸ்டிக் பாய்ந்து வந்த கால்வாய்கள்தாம் பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டகம். மாடல்காரர்கள் ஸ்ப்ரூ என்பார்கள். கிட் வாங்குபவன் கையில் வருவது விமானம் பாதி, வார்ப்படத் தொழிலின் சுவடுகள் பாதி. இரண்டாம் பாதியை அழிப்பதில்தான் அவனுடைய பெரும்பொழுது போகிறது. வெட்டுகிறான், சுரண்டுகிறான், பட்டி பார்க்கிறான், மறுபடி தேய்க்கிறான். அவன் பூசும் பசைகூட உண்மையில் பசையன்று. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் ஒரு திரவம். இரு பாகங்களின் ஓரங்களையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு அது ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே பிளாஸ்டிக்.

பிறகு அந்தக் கோடுகள். இந்தப் பொழுதுபோக்கில் இதைப்போல் சண்டை கிளப்பும் விஷயம் வேறில்லை. விமானத்தின் மேனி பல தகடுகளால் ஆனது. தகடும் தகடும் சேரும் இடத்தை மாடலில் காட்ட வேண்டும். பழைய கிட்டுகளில் அவை மேடாக இருந்தன. கூடவே எண்ணற்ற தறையாணித் தலைகள், வேர்க்குருபோல. பின்னர் வந்த தலைமுறை அவற்றைப் பள்ளக் கோடுகளாகச் செதுக்கியது. நல்ல கிட்டில் அந்தப் பள்ளம் 0.1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 72-ஆல் பெருக்கினால் 7.2 மில்லிமீட்டர். உண்மை விமானத்தின் தகட்டு இணைப்பில் அப்படி ஒரு சந்து இருந்தால் அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வேலை போயிருக்கும்.

அப்படியானால் கோடே போடாமல் விட்டால்? விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. வழுவழுவென்று சோப்புக் கட்டிபோல இருக்கும். கண் ஒப்பாது. ஏன் ஒப்பாது என்பதற்கு விடை, முன்னே சொன்ன தூரத்தில் இருக்கிறது. மாடலை நாம் ஓரடி தள்ளி, 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். 72 மடங்கு என்றால் 21.6 மீட்டர். ஓடுபாதையோரம் நிற்கும் விமானத்தை ஏழு மாடி உயரத்திலிருந்து பார்ப்பதுபோல. நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கம்தான் எல்லை. 21.6 மீட்டரில் அது சுமார் 6 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது அந்த 0.1 மில்லிமீட்டர் பள்ளம் மனிதக் கண்ணின் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. அச்சு செதுக்கியவர் எந்தக் கண் மருத்துவரையும் கேட்டிருக்க மாட்டார். கை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. உண்மை விமானத்தில் தகட்டு இணைப்பைக் கண்ணுக்குக் காட்டுவது சந்தின் அகலம் இல்லை. அதன் ஓரம் படிந்த எண்ணெய்க் கறை, வெளிச்சம் மாறி விழும் மெல்லிய நெளிவு. அவற்றுக்குப் பதிலாக மாடலில் ஒரு பள்ளம். அளவில் பொய், பார்வையில் ஏறத்தாழ மெய்.

எல்லா அளவுகளும் இப்படி ஏதோ ஒரு சமரசத்தில் பிறந்தவைதாம். மிகச் சிறந்த உதாரணம் ஜப்பானின் ஷிசுவோகா. தாமியா, ஹசெகாவா, அவோஷிமா என்று ஜப்பானின் பெரிய மாடல் நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பது தற்செயலில்லை. அது தலைமுறைகளாக மர வேலைக்குப் பேர்போன ஊர். தாமியா தொடங்கியதே 1946-இல், மர வியாபாரமாக. கூடவே மர மாதிரிகள். 1951-இல் மரக்கிடங்கு எரிந்து போனது. 1953-இல் மர வியாபாரத்தை விட்டு மாதிரிகளையே நம்புவதென்று முடிவெடுத்தார்கள். 1960-இல் முதல் பிளாஸ்டிக் கிட், யமாத்தோ போர்க்கப்பல். போட்டி நிறுவனம் அதே கப்பலை மலிவாக விற்றதால் விலையை இறக்க வேண்டியதாயிற்று, நஷ்டம். பின்னர் அவர்கள் கை வைத்தது ஜெர்மானிய பாந்தர் டாங்கி. மோட்டார் வைத்து ஓட வேண்டும் என்பது நோக்கம். டாங்கியின் வயிற்றில் இரண்டு பேட்டரியும் பல்சக்கரப் பெட்டியும் அடங்க வேண்டும். அடங்குகிற அளவுக்கு உடம்பை வரைந்தார்கள். நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஷுன்சாகு தாமியாவே சொன்ன கதை இது: பிறகு அளந்து பார்த்தபோது 35-இல் ஒன்று வந்தது. அங்குலக் கணக்கிலும் சேராது, மீட்டர் கணக்கிலும் அழகாக வராது. ஆனால் டாங்கி விற்றது, அடுத்த டாங்கியும் அதே அளவில் வந்தது, போர்வீரர்கள் வந்தார்கள், ஜீப் வந்தது, மற்ற நாட்டு நிறுவனங்களும் வழிக்கு வந்தன. இன்று உலகெங்கும் இராணுவ வாகன மாடலுக்கு 35-இல் ஒன்றுதான் இலக்கணம். பேட்டரி எப்போதோ போய்விட்டது. அது விட்டுச்சென்ற அளவு அப்படியே இருக்கிறது.

பிரிட்டிஷ் ரயில் மாடல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வேதனை. அவர்களுடைய ரயில் எஞ்சின்கள் மற்ற நாட்டு எஞ்சின்களைவிடச் சிறியவை. அன்றைய மின்மோட்டார்கள் உள்ளே நுழையவில்லை. ஆகவே உடம்பை மட்டும் கொஞ்சம் பெருக்கி, அடிக்கு 4 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டு, தண்டவாளத்தின் அகலத்தைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி அந்தத் தண்டவாளம் 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 4 அடி 1½ அங்குலம்தான். ஏறத்தாழ நூறாண்டு பழைய இந்த ஏழங்குலப் பொய்யோடு பெரும்பாலோர் நிம்மதியாக வாழ்கிறார்கள். சிலரால் முடியவில்லை. அவர்கள் எல்லா அச்சையும் பிடுங்கி, சக்கரங்களை அகலப்படுத்தி, தண்டவாளத்தைக் கையாலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

தூரம் என்ற கருத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பக்கத்தில் போகவே அனுமதி இல்லாத பொருட்களை என்ன செய்வது? 1961-இல் ரெவெல் நிறுவனம் போலாரிஸ் ஏவுகணை தாங்கிய அணுசக்தி நீர்மூழ்கியின் கிட்டை விற்றது. வயிற்றைத் திறந்து உள்ளறைகளைப் பார்க்கலாம். அமெரிக்க அணுசக்திக் கப்பற்படையின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப்போனார். சோவியத் ஒற்றன் மூன்று டாலர்கூடச் செலவழிக்காமல் இதைக் கடையில் வாங்கிப் படித்துவிடலாமே என்பது அவர் ஆத்திரம். கால் நூற்றாண்டு கழித்து, 1986-இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 என்ற ரகசிய விமானத்தின் கிட்டை வெளியிட்டது. ராடாரில் சிக்காத விமானம் ஒன்று பறக்கிறது என்பது அப்போது ஊரறிந்த ரகசியம். அரசு வாய் திறக்கவில்லை. அதனால் கிட்டுக்கு ஏகப்பட்ட விற்பனை. பேச்சு அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. அழகான மாடல் அது, வளைந்து நெளிந்து, கடல்மீன்போல.

1988 நவம்பரில் அரசு உண்மை விமானத்தின் படத்தை வெளியிட்டது. பெயர் எஃப்-117. வளைவே இல்லை. சட்டென்று பார்த்தால் தகர டப்பாவை மிதித்துத் தட்டையாக்கியதுபோல, முழுக்கத் தட்டைப் பரப்புகளும் கூர்மூலைகளும். 1970களின் கணினிகளால் தட்டைப் பரப்பில் பட்டுச் சிதறும் ராடார் அலைகளைத்தான் கணக்கிட முடிந்தது. வளைவுகளுக்கு அவற்றின் சக்தி போதவில்லை. ஆகவே பொறியாளர்கள் கணக்கிட முடிந்த வடிவத்தையே கட்டினார்கள். பாந்தர் டாங்கியின் பேட்டரிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாடல்காரர்கள் ஊகித்தது அழகிலிருந்து. விமானம் பிறந்தது நெருக்கடியிலிருந்து. எதிரில் எந்த விமானமும் இல்லாத நிலையில் 48-இல் ஒன்று என்று அந்தப் பெட்டியில் அச்சிட்டிருந்தது எதில் ஒன்று என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

நிறத்தைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜீரோ விமானத்தின் நிறம் என்ன? பல்லாண்டுகளாகக் கிட்டுகளின் குறிப்புத்தாள்கள் வெளிர் சாம்பல் என்றே சொல்லிவந்தன. ஆனால் வீழ்ந்த விமானங்களிலிருந்து கிடைத்த தகட்டுத் துண்டுகள் பழுப்புப் பச்சை கலந்த ஒரு சாயலைக் காட்டின. 1942-ஐச் சேர்ந்த ஜப்பானியக் கடற்படை ஆவணம் ஒன்று அந்த நிறத்தைச் சற்றே ‘அமே-இரோ’ கலந்த சாம்பல் என்கிறது. அமே என்பது ஒரு மிட்டாய். அந்தப் பாகின் நிறம் என்று பொருள். நம் ஊரில் ‘வெல்லப்பாகு நிறம்’ என்று ஓர் இராணுவ ஆவணத்தில் எழுதியிருந்தால் எத்தனை சமையலறைகளுக்குப் போய் விசாரிக்க வேண்டியிருக்கும்! அடிப்பூச்சு மங்கியதா, மேல்பூச்சு மஞ்சளித்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மாடல்காரர்களில் ஒரு சாரார், சரியான நிறம் கிடைத்தாலும் அதை அப்படியே பூசக்கூடாது, வெள்ளை கலந்து வெளிறச்செய்ய வேண்டும் என்பார்கள். தொலைவில் காற்று நிறத்தை மங்கவைக்கும் என்பது அவர்கள் வாதம். இங்கே நான் அவர்களோடு உடன்படவில்லை. நாம் பார்ப்பது 21 மீட்டரில். மார்கழிப் பனி மூட்டமாக இருந்தாலொழிய அந்தத் தூரத்தில் காற்று எந்த நிறத்தையும் அப்படி மாற்றிவிடாது. ஆனால் வீட்டு விளக்கடியில் ஒரு சாண் நீளப் பொருளின் மேல் அடர்நிறம் இன்னும் கறுத்துத் தெரிகிறது என்பது மெய். கொஞ்சம் வெள்ளை கலந்தால் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. காரணம் தவறு, பழக்கம் சரி.

அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் விமானத்தைச் செய்யும்போது இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஓர் இறக்கையில் வந்து குவிகின்றன. அந்த இறக்கையின் மேல் காற்று குலையாமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே முன்பகுதியின் தகட்டு இணைப்புகளையும் தறையாணிக் குழிகளையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளி வண்ணம் அடித்து அனுப்பினார்கள். மற்ற உடம்பு பூச்சில்லாத அலுமினியமாகப் பளபளக்க, இறக்கை மட்டும் வண்ணப்பூச்சில் மங்கித் தெரியும். கிட் செய்பவர்களில் பலர் இதைக் கண்டுகொள்ளாமல் அந்த இறக்கையிலும் அழகழகாகக் கோடு கிழித்து, தறையாணிப் புள்ளி வைத்து வார்த்திருக்கிறார்கள். ஆக, விவரம் தெரிந்த மாடல்காரர் பணம் கொடுத்து வாங்கிய அந்த நுணுக்கத்தையெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பட்டி வைத்து அடைக்கிறார், காய விடுகிறார், 1944-இல் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலாளி தேய்த்ததுபோலவே உப்புத்தாளால் தேய்க்கிறார். முடிந்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கையை மெல்ல நீட்டிப் பார்க்கிறார்.